மின்னியல் அறிஞர் ஓம்

மின்சாரம் இன்று மனிதனுக்கு ஏவலாளாக விளங்குகின்றது. விசையை அழுத்தினால் விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது, அடுப்புக் காய்கின்றது. இவை அனைத்தையும் இயக்குவது கம்பி வழியே வரும் மின்னோட்டமே. மின்னடுப்பு ஒன்றை உற்று நோக்குவோம். சுவரிலிருந்து அடுப்புவரை செல்லும் செம்புக் கம்பியிலும், அடுப்பினுள் சுருண்டு கிடக்கும் கம்பியிலும் ஓடுவது ஒரே மின்னோட்டந்தான். ஆயினும் முன்னது சிறிதும் காய்வதில்லை. பின்னதோ தணல்போற் சிவந்து ஒளிர்கின்றது. ஒரே ஓட்டம் இரு கம்பிகளில் இருவேறு விளைவுகளைத் தருவதற்குக் காரணம் யாது?

ஒவ்வொரு கம்பியும் தன்னுள் ஓடும் மின்சாரத்தை ஓரளவு தடுக்கின்றது. இதனையே மின்தடை என்பர். கம்பியின் நீளம், பருமன், அது எந்த உலோகத்தால் ஆயது என்பது, அதன் வெப்பநிலை ஆகிய நான்கும் இத்தடையின் அளவை உறுதி செய்கின்றன. இவ்வுண்மை இன்று பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த ஒன்று. ஆனால், இதனைக் கணக்கிட்டு நிறுவுவதற்கு ஓர் எளிய பள்ளி ஆசிரியர் தம் இளமையையும், பதவியையும், மன அமைதியையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரே ஜார்ஜ் சைமன் ஓம்.

ஓம், செருமானிய நாட்டில் எர்லாங்கன் என்னும் நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையார் யோகான் ஓம் பூட்டுத் தொழிலில் வல்லவர். தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். இவர்களுக்குப் பிறந்த மக்கள் எழுவருள் மூவரே உயிர் பிழைத்தனர். மூத்தவர் ஜார்ஜ், இளையவர் மார்ட்டின், மற்றொருவர் எலிசபெத் என்னும் பெண்மகவு. ஜார்ஜுக்குப் பத்து வயது ஆனபோது தாயார் இவ்வுலக வாழ்வை நீத்தார். தாயற்ற மக்களை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தந்தையின் தோள்மேல் விழுந்தது.

யோகான் ஓம் பள்ளியிற் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும், பகலெல்லாம் உலைக்களத்தில் உழைத்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். கணிதம், இயற்பியல், வேதியியல், மெய்யியல் ஆகிய துறைகளில் அவர் பெற்றிருந்த அறிவு வியக்கத்தக்கது. தாம் அரிதின் முயன்று பெற்ற கல்வியை அவர் தம் மைந்தர் இருவருக்கும் ஊட்டினார். பூட்டுக்கும் திறவுகோலுக்கும் இடையே ஒரு மயிரிழை வேறுபாடு இருப்பினும் பூட்டுத் திறவாது. அத்தகைய நுட்பம் வாய்ந்த தொழில் நடைபெற்ற இல்லத்தில் வளர்ந்த ஜார்ஜ், நூலறிவோடு கைத்திறனையும் ஒருங்கே பெற்றார். பிற்காலத்தில் இவ்விரண்டும் அவருக்கு இரு கண்களைப்போல் உதவின.

பதினோராம் வயதில் ஜார்ஜ் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே பழைய மொழிகளுக்குத் தரப்பட்ட இடம் அறிவியலுக்குத் தரப்படவில்லை. மனப்பாடம் செய்வதே கல்வி எனக் கருதப்பட்டது. எனவே, உண்மையான அறிவுச் சுவையை அவர் தந்தையிடமே பெற்று வந்தார். அவருக்குப் பதினைந்து வயது நிரம்பியபோது, எர்லாங்கன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ப் அவரை நெடுநேரம் சோதித்துப் பார்த்தார். சிறுவனின் ஆற்றல் கண்டு வியந்தார். சுவிட்சர்லாந்து நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கணித மேதைகளை ஈன்ற பெர்னூலி குடும்பத்தோடு இப்பூட்டுத் தொழிலாளர் குடும்பத்தையும் ஒப்பிட்டுப் பாராட்டினார். தந்தை அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லை ஏது?

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1805ஆம் ஆண்டில் ஜார்ஜ் பல்கலைக்கழகத்திற் புகுந்தார். அங்கே இளைஞர் பலருக்கு நேர்வது அவருக்கும் நேர்ந்தது. நடனம், பனிச்சறுக்கு, மேசைக் கோற்பந்து ஆகியவற்றில் அவர் உள்ளம் ஈடுபட்டது. பாடங்கள் பின்தங்கின. தாம் பெறாத வாய்ப்பைத் தம் மகன் பெற்றும் அதனை வீணாக்குவது கண்டு தந்தை உள்ளம் கொதித்தார். ஓராண்டும் சில திங்களும் கழிந்ததும், ஜார்ஜ் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. 1806ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்து சென்று, அங்கு ஒரு பள்ளியில் கணித ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

தனிமையும் வறுமையும் அவருக்கு நல்லாசிரியர்கள் ஆயின. விளையாட்டில் இழந்த காலத்தை மீட்க அவர் உறுதி பூண்டார். லாங்ஸ்டார்ப் கூறிய அறிவுரையை ஏற்று, ஆய்லர், லாப்லாசு முதலிய கணிதப் பேரறிஞர்களின் நூல்களை எவர் துணையும் இன்றித் தாமே கற்றார். 1811ஆம் ஆண்டில் எர்லாங்கன் திரும்பி, எந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினாரோ அதே பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டே அறிஞர் பட்டம் பெற்றார். தந்தையின் மனக்குறை நீங்கியது.

பட்டம் கிடைத்ததே அன்றி நல்ல பதவி கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஊதியம் குறைந்த விரிவுரையாளர் வேலை வாழ்க்கைக்குப் போதவில்லை. எனவே 1813ஆம் ஆண்டில் பாம்பெர்க் நகரில் தரம் குறைந்த ஒரு பள்ளியில் ஆசிரியரானார். மூன்றாண்டுகளில் அப்பள்ளியும் மூடப்பட்டது. ஆயினும் ஓம் சோர்ந்து விடவில்லை. வடிவக் கணிதத்தைக் கற்பிக்கும் முறை குறித்து ஒரு நூல் எழுதி 1817ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் படி ஒன்றைப் பிரஷ்ய நாட்டு மன்னருக்கு அனுப்பினார். அதன் பயனாகக் கொலோன் நகரில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவரை நாடி வந்தது.

கொலோன் பள்ளியில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதில் நல்ல கருவிகள் பல இருந்தன. பகலில் மாணாக்கர்க்குப் பாடம் சொல்வதும், எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் உழைப்பதும் ஓமின் வாழ்க்கை முறை ஆயிற்று. அக்காலத்தில் மின்னியல் ஓர் இளங்குழந்தை. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800ஆம் ஆண்டில்தான் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்திருந்தார். டென்மார்க் நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை 1820ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஊசி எவ்வளவு திரும்புகின்றதோ அவ்வளவு மின்னோட்டம் வலியது என்று கொள்ள இடம் ஏற்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத மின்னோட்டத்தை அளக்க ஒரு வழி திறந்தது.

இக்கருவியைக் கொண்டு ஓம் ஒரு வினாவுக்கு விடை காண முற்பட்டார். கம்பி நீள நீள மின்னோட்டம் குறைகின்றது என்பதை ஆய்வாளர் பலரும் கண்டிருந்தனர். எவ்வளவு நீண்டால் எவ்வளவு குறையும்? அக்குறைவு ஏதேனும் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டதா? இன்று போல் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்னும் கருத்துகள் அன்று தெளிவாகப் பிரித்து உணரப்படவில்லை. அவற்றை அளக்கும் அலகுகளும் இல்லை. கடைகளில் விற்கும் ஒரே சீரான கம்பிகளும் இல்லை. காட்டில் வழி வகுப்பவனைப் போல் ஓம் ஒவ்வோர் அடியையும் தாமே எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

முதல் முயற்சி தவறிற்று. மின்கலத்தோடு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து அவர் ஆராய்ந்தார். அக்காலத்து மின்கலம் தொடக்கத்தில் வலிமையோடு வேலை செய்யும். சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். இடையே நிறுத்தி வைத்தால் மீண்டும் வலுப்பெறும். ஊசியின் திருப்பம் குறைந்தது கம்பியின் நீளத்தாலா, மின்கலத்தின் தளர்ச்சியாலா என்று பிரித்தறிதல் அரிதாயிற்று. அவர் 1825ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சமன்பாட்டைத் தந்தார். அது சரியானதன்று. தம் முடிவு பிழையுடையது என்பதை அவரே விரைவில் உணர்ந்தார். அதனை மறைக்கவோ, அதற்குச் சமாதானம் கூறவோ முனையாமல், மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அப்போது அறிவியல் இதழாசிரியர் பாகெண்டார்ப் அவருக்கு ஒரு நல்வழி கூறினார். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றோர் இணைப்பைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்பதைச் சீபெக் என்னும் அறிஞர் சில ஆண்டுகட்கு முன்னர்க் கண்டிருந்தார். இரு முனைகளின் வெப்பநிலையும் மாறாதவரை இம்மின்னோட்டத்தை உண்டாக்கும் ஆற்றலும் மாறுவதில்லை. ஓம் பிசுமத்துத் துண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செம்புத் தகடுகளைப் பொருத்தினார். ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரின் வெப்பத்திலும், மற்றோர் இணைப்பைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிலும் நிறுத்தினார். கொதிநீரும் உருகும் பனிக்கட்டியும் தத்தம் வெப்பநிலையில் நிலைத்து நிற்பன. ஆதலின் தளராத மின்னூற்று ஒன்று அவருக்குக் கிடைத்தது.

செம்புத் தகடுகளின் மறுமுனைகள் பாதரசம் நிறைந்த இரு கிண்ணங்களில் தோய்ந்து நின்றன. ஆராய வேண்டிய கம்பியின் இரு முனைகளையும் அக்கிண்ணங்களில் அமிழ்த்தினால் மின்சுற்று நிறைவுறும். கம்பியை மாற்றுதலும் எளிது. அதன் அருகே மெல்லிய உலோக இழையால் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்னோட்டத்தால் ஊசி விலகியவுடன், இழையை மேலிருந்து முறுக்கி ஊசியைப் பழைய இடத்திற்குக் கொணர்ந்தார். எவ்வளவு முறுக்க நேர்ந்ததோ அதுவே மின்னோட்டத்தின் அளவு. பூட்டுத் தொழிலாளர் மைந்தரின் கைத்திறன் இங்கே பயன் தந்தது.

1826ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். எட்டும் ஒரே பருமன் உடையவை. அவற்றின் நீளம் முறையே 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றையும் சுற்றில் இணைத்து முறுக்கின் அளவைக் குறித்தார். மிகக் குறுகிய கம்பி இருந்தபோது கிடைத்த அளவு ஏறத்தாழ 327. கம்பி 34 அங்குலம் ஆனபோது அது 134½ ஆகக் குறைந்தது. 130 அங்குலக் கம்பியில் 48½ ஆயிற்று.

இவ்வெண்களை மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு ஒழுங்கு ஏதும் தோன்றாது. நீளம் 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக இரட்டித்தபோது மின்னோட்டம் பாதியாகவில்லை. 327இலிருந்து ஏறத்தாழ 301 ஆகவே குறைந்தது. ஓம் இதன் காரணத்தைக் கண்டார். மின்னோட்டம் ஆய்வுக் கம்பி வழியே மட்டும் செல்வதன்று. பிசுமத்து, செம்புத் தகடு, பாதரசம் ஆகிய அனைத்தின் வழியேயும் சுற்றி வருகின்றது. அவையும் தடை செய்கின்றன. அத்தடை முழுவதும் அதே செம்புக் கம்பியில் 20¼ அங்குலம் செய்யும் தடைக்கு ஈடாகும் என அவர் கணக்கிட்டார். இத்தொகையை ஒவ்வொரு கம்பியின் நீளத்தோடும் கூட்டி, வந்த தொகையை மின்னோட்டத்தின் அளவால் பெருக்கினால், எல்லாக் கம்பிகளுக்கும் 7,300ஐ ஒட்டிய எண்ணே கிடைக்கின்றது. காகிதமும் எழுதுகோலும் கொண்டு மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். சுற்றின் முழுத்தடை எத்தனை மடங்கு மிகுகின்றதோ, அத்தனை மடங்கு மின்னோட்டம் குறைகின்றது என்பதே இதன் பொருள்.

பின்னர் அவர் கொதிநீரை நீக்கி, ஓர் இணைப்பைப் பனிக்கட்டியிலும் மற்றதை அறையின் வெப்பநிலையிலும் வைத்து ஆராய்ந்தார். மின்னோட்டம் மிகக் குறைந்தது. ஆயினும் 20¼ என்னும் எண் மாறவில்லை. பெருக்கி வந்த பெரிய எண்ணே சிறுத்தது. ஆகவே, மின்சாரத்தை உந்தும் ஆற்றல் வேறு, அதனைத் தடுக்கும் ஆற்றல் வேறு என்பது ஐயமின்றித் தெளிந்தது. உந்தும் ஆற்றல் மிகுந்தால் மின்னோட்டம் அதே மடங்கு மிகும். தடை மிகுந்தால் அதே மடங்கு குறையும். இன்று ஓம் விதி என வழங்குவது இதுவே.

கம்பியின் தடை எவற்றைச் சார்ந்தது என்பதையும் அவர் தெளிவாக்கினார். நீளம் இரு மடங்கானால் தடையும் இரு மடங்காகும். நீண்ட குழாயில் நீர் செல்வது கடினமாதல் போன்றது இது. கம்பியின் குறுக்கு வெட்டுப் பரப்பு இரு மடங்கானால் தடை பாதியாகும். கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே தடை நான்கில் ஒரு பங்காகிவிடும். வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒப்பிட்டு, அவை மின்சாரத்தைக் கடத்தும் திறன் வேறுபடுவதையும் அவர் அளந்தார். நீளமும் பருமனும் ஒத்த இரு கம்பிகளுள், இரும்புக் கம்பியின் தடை செம்புக் கம்பியின் தடையைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு ஆகும். உலோகங்களுள் மிகக் குறைந்த தடை உடையது வெள்ளி; அதனை அடுத்து நிற்பது செம்பு.

நான்காவது காரணம் வெப்பநிலை. உலோகம் சூடேற ஏற அதன் மின்கடத்து திறன் குறைகின்றது என்பதை ஆங்கில அறிஞர் டேவி 1821ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் உள்ள செம்புக் கம்பியைக் கொதிநீரின் வெப்பநிலைக்கு உயர்த்தினால் அதன் தடை ஏறத்தாழ 40 விழுக்காடு மிகும். இந்நான்கு காரணங்களையும் அறிந்தவன் எந்தக் கம்பியின் தடையையும் முன்னதாகவே கணக்கிட்டுச் சொல்ல இயலும்.

தாம் கண்ட உண்மையை முழுமையான நூலாக எழுத ஓம் விரும்பினார். பள்ளி வேலையோடு அது இயலாது. எனவே 1826ஆம் ஆண்டில் பாதி ஊதியத்தில் ஓராண்டு விடுமுறை பெற்றுப் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கே அவர் இளவல் மார்ட்டின் கணிதம் கற்பித்து வந்தார். பிரெஞ்சு அறிஞர் பூரியர், உலோகத்தில் வெப்பம் பரவும் முறையைக் கணிதத்தால் விளக்கியிருந்தார். வெப்பநிலை வேறுபாட்டால் வெப்பம் பாய்வது போலவே, மின்னழுத்த வேறுபாட்டால் மின்சாரம் பாய்கின்றது என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டு ஓம் தம் நூலை இயற்றினார். மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் அந்நூல் 1827ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்வழி ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தமக்குக் கிட்டும் என்று அவர் பெரிதும் நம்பியிருந்தார்.

அந்நம்பிக்கை பொய்த்தது. நூலைப் படித்தவர் சிலரே. படித்த சிலருள்ளும் பலர் அதன் கணிதத்தைக் கண்டு மருண்டனர். இயற்கையின் இரகசியங்களைத் தத்துவச் சிந்தனையால் அறிய முயன்றோர் பெர்லினில் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. போல் என்னும் திறனாய்வாளர் நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கல்வித் துறையினரும் ஓமின் உழைப்பை மதிக்கவில்லை. ஓராண்டு பாதி ஊதியத்தில் பட்ட பாட்டிற்குக் கிடைத்த பரிசு புறக்கணிப்பே.

மானத்தை உயிரினும் மேலாகக் கருதிய ஓம், 1828ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொலோன் பள்ளி ஆசிரியர் பதவியைத் துறந்தார். அவருக்கு வேறு வருவாய் கிடையாது. பெர்லினில் போர்ப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்து, ஆண்டுகள் சிலவற்றைக் கழித்தார். நல்ல ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய கைகள் சிறு ஊதியத்திற்காக உழைத்தன. பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வாயில்களைத் தட்டியும் அவை திறக்கவில்லை. எனினும், தாம் கண்ட விதி பொய் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. கொதிநீரும் பனிக்கட்டியும் காந்த ஊசியும் கூறிய சான்றை எவருடைய வசைமொழியும் மாற்ற இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1833ஆம் ஆண்டில் நியூரம்பெர்க் நகரத் தொழிற்கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவி அன்று அது. எனினும் வறுமை நீங்கிற்று. இதற்கிடையே அவருடைய விதி மெல்ல மெல்லப் பிற நாடுகளில் வேரூன்றத் தொடங்கியது. செருமானிய அறிஞர் பெக்னர் தம் ஆய்வுகளால் அதனை மெய்ப்பித்தார். உருசிய நாட்டில் லென்சு அதனை ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சு அறிஞர் பூயே தனியே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். தந்தி முறையும் அக்காலத்தில் தோன்றிற்று. நெடுந்தொலைவு கம்பி இழுத்துச் செய்தி அனுப்ப விரும்பியோர், அத்தொலைவைக் கடந்தபின் எவ்வளவு மின்னோட்டம் எஞ்சும் என அறிய வேண்டியவர் ஆயினர். ஓமின் கணக்கே அவர்களுக்கு வழிகாட்டியது.

ஓமின் நூல் 1841ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இலண்டன் அரசுக் கழகம் தன் மிகவுயர்ந்த பரிசாகிய கோப்பிலிப் பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று. அடுத்த ஆண்டு அவரைத் தன் அயல்நாட்டு உறுப்பினராகவும் ஏற்றது. தாய்நாடு தள்ளிய அறிஞரை அயல்நாடு அழைத்து அணி செய்தது. அதன் பின்னரே தாய்நாட்டின் கண்கள் திறந்தன. பவேரிய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1849ஆம் ஆண்டில் அவர் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். வாழ்நாள் முழுதும் அவர் விரும்பிய அப்பதவி கிட்டியபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று.

அப்பதவியில் அவர் நெடுங்காலம் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1854ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மனைவி மக்கள் என்று எவரும் இலர். ஆயினும் அவர் பெயர் சொல்ல உலகில் ஒரு சொல் நிலைத்துவிட்டது. 1881ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் கூடிய பன்னாட்டு மின்னியலார் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றது. அன்று முதல் உலகமெங்கும் மின்தடை அவர் பெயராலேயே அளக்கப்பட்டு வருகின்றது. தடைக்கு மறுதலையாகிய கடத்தும் திறனுக்கும் அவர் பெயரின் எழுத்துகளை வலமிடமாக மாற்றி மோ என்று பெயரிட்டு வழங்கியதும் உண்டு. இக்காலத்தில் அதனைச் சீமென்சு என்பர்.

1893ஆம் ஆண்டில் ஓர் ஓம் என்பதற்கு ஏற்பட்ட இலக்கணம் கருதத்தக்கது. உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில், ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்கு வெட்டுப் பரப்புடன், 106.3 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதரசத் தம்பத்தின் தடையே ஓர் ஓம் எனப்பட்டது. இதில் பொருள் உண்டு, பரப்பு உண்டு, நீளம் உண்டு, வெப்பநிலையும் உண்டு. இந்நான்கில் ஒன்றைக் கூறாது விட்டாலும் அளவு நிலைபெறாது. இப்பொழுது அந்த அலகு, 2019ஆம் ஆண்டு முதல், மாறாத இயற்கை மாறிலிகளின் துணையால் வரையறுக்கப்படுகின்றது.

ஓம் காட்டிய வழியில் சென்றோர் மின்தடையை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் கற்றனர். மின்னடுப்பின் சுருள் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்தால் ஆயது; அதன் தடை அதே அளவுள்ள செம்பின் தடையைப்போல் 60 மடங்குக்கு மேற்பட்டது. ஆதலால் அது சிவக்கக் காய்கின்றது. இணைப்புக் கம்பி குளிர்ந்து நிற்கின்றது. வீட்டுச் சுற்றில் அமைக்கும் மெல்லிய உருகுகம்பி, மின்னோட்டம் அளவு கடந்தால் தான் உருகி வீட்டைக் காக்கின்றது. நெடுந்தொலைவு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பிகளை அலுமினியத்தாற் செய்கின்றனர். அதன் தடை செம்பைவிட மிகுதி. எனினும் கம்பியைச் சிறிது பருமனாக்கி அக்குறையை நீக்கினால், எடை செம்பின் எடையில் ஏறத்தாழ பாதியே ஆகின்றது. 1911ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு அறிஞர் காமர்லிங் ஆன்சு, பாதரசத்தைச் சுழியத்திற்குக் கீழ் 269 செல்சியசு அளவு குளிர்வித்தபோது அதன் தடை அறவே மறைந்து போவதைக் கண்டார். வெப்பநிலை என்னும் நான்காம் காரணம் அறிவியலுக்கு ஒரு புதிய வாயிலைத் திறந்தது.

ஓமின் வரலாறு மாணவர்க்குச் சில உண்மைகளை உணர்த்துகின்றது. இளமையில் வழி தவறியவர், உறுதி கொண்டால் மீண்டும் நல்வழி அடையலாம். செய்த ஆய்வில் பிழை கண்டால் அதனைத் திருத்துவதே அறிஞர்க்கு அழகு. எளிய பள்ளியின் ஆய்வுக்கூடத்திலும் உலகிற்கே பொதுவான உண்மை பிறக்கக்கூடும். உண்மை பிறந்த அன்றே உலகம் அதனை வரவேற்கும் என்று எதிர்பார்த்தலும் கூடாது. நூல் வெளிவந்ததற்கும் பாராட்டுக் கிடைத்ததற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. அப்பதினான்கு ஆண்டுகளும் ஓம் மனம் மாறாது நின்றார். மின்னோட்டத்திற்கு நேரும் தடைகளை அளந்து காட்டிய பெரியார், தம் வாழ்வில் நேர்ந்த தடைகளுக்கு அஞ்சி ஒருபோதும் பின்வாங்கினார் அல்லர்.